நான் அப்பவே சொன்னேன்: பாகம் இரண்டு

வெளியூர் கிளம்பும் மகளிடம் "போய் இறங்கினதும் போன் பண்ணு" என்று சொல்லாத தகப்பன் கிடையாது. அப்படிச் சொல்லி, மகள் மறந்துபோய், அதனால் ஒரு கல்யாணப் பந்தி நிறையும் அளவுக்கு ஆட்கள் செத்துப்போனது பிரையன் மில்ஸ் விஷயத்தில் மட்டும்தான். நாங்களெல்லாம் நாலு தடவை கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, "தூங்கியிருப்பா, விடுங்க" என்று மனைவி சொல்வதைக் கேட்டுக்கொண்டு மின்விசிறியைப் பார்த்தபடி படுத்துக் கிடப்போம்.

பிரையன் மில்ஸ் 2008-இல் வந்த 'டேக்கன்' படத்தில் லியாம் நீசன் நடித்த பாத்திரம். சி.ஐ.ஏ.வில் இருந்துவிட்டு வேலையை விட்டவர். நான் கூட்டுறவுச் சங்கங்களின் கணக்கைத் தணிக்கை செய்கிறவன். இருவருக்கும், அடுத்தவர் ஒளித்துவைத்ததைத் தேடி எடுக்கிற பிழைப்பு. அவர் ஆளைத் தேடுவார். நான் வவுச்சரைத் தேடுவேன். அவருக்குக் கிடைத்துவிடும்.

அதை அடிதடிப் படம் என்கிறார்கள். எனக்கு அது சுத்தமான குடும்பப் படம். மகளுக்குப் பதினேழாவது பிறந்தநாள். பாட்டுக்காரியாக வேண்டும் என்று அவளுக்கு ஆசை. அப்பா யோசித்து, விசாரித்து, ஒரு கரோக்கி மெஷின் வாங்கித் தாளில் சுற்றி எடுத்துப் போகிறார். அதே விருந்தில் அம்மாவின் இரண்டாவது கணவர் ஒரு குதிரையைக் கொண்டுவந்து நிறுத்துகிறார். பொம்மை இல்லை, புல் தின்கிற குதிரை. அப்புறம் கரோக்கியை யார் திரும்பிப் பார்ப்பார்கள்? அந்த இடத்தில் நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். என் மகளுக்கு நான் ஆங்கில அகராதி வாங்கிக்கொடுத்த அதே பிறந்தநாளில்தான் என் மைத்துனர் ஸ்கூட்டர் சாவியை நீட்டினார்.

அப்புறம் அந்தப் பெண் பாரிஸ் போக வேண்டும் என்கிறாள். அப்பா யோசிக்கிறார். ஊரே அவரைப் பயந்தாங்கொள்ளி என்கிறது. பிரிந்துபோன மனைவி திட்டுகிறார். மகள் அழுதுகொண்டே எழுந்து போகிறாள். வேறு வழியில்லாமல் சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போடுகிறார். பாரிஸில் இறங்கிய அன்றைக்கே அல்பேனியக் கும்பல் அவளைத் தூக்கிவிடுகிறது. அங்கிருந்து கடைசி வரை அந்த மனிதர் செய்வதெல்லாம் தகப்பன்மார் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவருகிற ஒரே வாக்கியத்தை நிரூபிப்பதுதான்: நான் அப்பவே சொன்னேன். நாங்கள் அதைச் சாப்பாட்டு மேஜையில் சொல்வோம், யார் காதிலும் ஏறாது. அவர் துப்பாக்கியோடு சொன்னதால் பாரிஸ் முழுக்கக் கேட்டது.

பியர் மொரல் இயக்கம். லூக் பெஸ்ஸானும் ராபர்ட் மார்க் கேமனும் எழுத்து. 'கராத்தே கிட்' எழுதியவர்தான் இந்தக் கேமன். இந்தப் படம் தியேட்டருக்கே வராமல் நேராக வீடியோ கடைக்குப் போய்விடும் என்றுதான் நினைத்தேன் என்று நீசனே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். இரண்டரைக் கோடி டாலரில் எடுத்தது, 22 கோடி டாலருக்கு மேல் வசூல் பண்ணியது. உலகம் முழுக்க இத்தனை அப்பாக்கள் சொல் எடுபடாமல் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது படம் எடுத்தவர்களுக்கே அப்போதுதான் தெரிந்திருக்கும். தமிழிலும் அதே சாயலில் 2010-இல் 'விருதகிரி' வந்தது. விஜயகாந்த் தாமே இயக்கி, ஆஸ்திரேலியாவில் கடத்தப்பட்ட பெண்ணைத் தேடிப் போனார். போன காரியத்தை ஒரே படத்தில் முடித்துக்கொண்டு ஊர் திரும்பிவிட்டார். கேப்டனிடம் எனக்குப் பிடித்ததே அந்த நிதானம்தான்.

வெளிநாட்டுக்காரர்களுக்கு அந்த நிதானம் வரவில்லை. 2012-இல் 'டேக்கன் 2' வந்தது.

இதை எங்கள் வீட்டில் குடும்பத்தோடு பார்க்க வேண்டிய அவசியம் அண்மையில் வந்தது. மகள் பொறியியல் மூன்றாம் ஆண்டு. கல்லூரியில் ஐ.வி. போகிறார்களாம், மணாலிக்கு. ஐ.வி. என்றால் தொழிற்சாலையைப் பார்வையிடுவது. மணாலியில் பனிதான் இருக்கிறது, தொழிற்சாலை எங்கே இருக்கிறது என்று கேட்டேன். அவ்வளவு ஆசையாக இருந்தால் சென்னை மணலிக்குப் போங்களேன், கச்சா எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையே இருக்கிறது, காலையில் போய்ச் சாயங்காலம் வந்துவிடலாம் என்றும் சொல்லிப் பார்த்தேன். மகள் பதில் சொல்லாமல் தன் அம்மாவைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு எங்கள் வீட்டில் அரசாணையின் மதிப்பு உண்டு.

வாயால் சொன்னால் எடுபடாது, படம் காட்டிச் சொல்லலாம் என்று தீர்மானித்தேன். முதல் பாகம் போட்டிருந்தால் என் வழக்கு பலமாக இருந்திருக்கும். ஆனால் அதில் அந்தப் பெண்ணுக்கு நேர்வதை மாமியாரை வைத்துக்கொண்டு பார்க்க முடியாது. இரண்டாம் பாகம் கொஞ்சம் சாதுவானது என்று கேள்விப்பட்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் டீ, வெங்காயப் பக்கோடா சகிதம் எல்லோரையும் டிவி முன்னால் உட்காரவைத்தேன்.

கதை இதுதான். முதல் பாகத்தில் பிரையன் கொன்று குவித்த அல்பேனியர்களின் பிணங்கள் ஊருக்கு வந்து சேர்கின்றன. அதில் ஒருவனுடைய அப்பா முராத். பழிவாங்கியே தீருவேன் என்று குழிமேட்டில் நின்று சபதம் போடுகிறார். அந்தப் பக்கம் பிரையனுக்கு இஸ்தான்புல்லில் ஒரு ஷேக்குக்குப் பாதுகாப்புக் கொடுக்கிற வேலை. வேலை முடிந்ததும், நீங்களும் வாருங்களேன் என்று பழைய மனைவியையும் மகளையும் தானே கூப்பிட்டு வரவழைக்கிறார்.

இந்த இடத்திலேயே எனக்கு நெஞ்சு அடைத்தது. மகள் பாரிஸுக்குப் போகக் கூடாது என்று நின்ற மனிதர் இவர். அவளுடைய போனில் ஜி.பி.எஸ். வைத்து, காதலன் வீட்டு வாசல் வரைக்கும் போய் மணி அடிக்கிறவர். எந்த ஊர்க் கும்பலைத் தாம் முடித்துவிட்டு வந்தோம் என்று நன்றாகத் தெரிந்தவர். அப்படிப்பட்டவர் குடும்பத்தை அழைத்துக்கொண்டு ஐரோப்பாவின் அந்தக் கோடிக்குச் சுற்றுலா போகிறார். நான் எங்கள் தெருமுனை மளிகைக்கடையில் கணக்குத் தகராறு வந்த நாளிலிருந்து ரேஷன் கடைக்குக்கூடச் சுற்றிக்கொண்டுதான் போகிறேன்.

வழக்கம்போல் கடத்தல். இந்தத் தடவை அப்பாவும் அம்மாவும் மாட்டுகிறார்கள், மகள் வெளியே. முதல் படத்தில் மகளைத் தூக்குகிற நேரத்தில் அப்பா பேசிய எந்தப் போன் பேச்சுக்கு உலகமே கைதட்டியதோ, அதையே திருப்பிப் போட்டு, "உன் அம்மாவும் நானும் பிடிபடப் போகிறோம்" என்று அப்பா மகளிடம் சொல்கிறார். குரல் அதே கட்டைக் குரல். அந்தக் குரலை நானும் பழகியிருக்கிறேன். தனிநபர் கடன் வேண்டுமா என்று தினமும் கூப்பிடுகிற ஒரு தம்பியிடம் ஒருநாள், மெதுவாக, இடைவெளி விட்டு, "நீ யார்னு எனக்குத் தெரியாது. ஆனா உன்னை நான் கண்டுபிடிப்பேன்" என்றேன். "தாராளமா வாங்க சார், பிராஞ்ச் லொக்கேஷன் அனுப்புறேன். வரும்போது ஆதார், பான், மூணு மாச சேலரி ஸ்லிப் எடுத்துட்டு வந்துருங்க" என்றான்.

முகமூடி மாட்டி வேனில் கொண்டுபோகிறபோது பிரையன் நொடிகளை எண்ணுகிறார். எத்தனை நொடியில் வலது திருப்பம், எங்கே பாட்டுச் சத்தம், எங்கே கப்பல் சங்கு எல்லாம் மனசில் பதிவாகிறது. இதை நான் சத்திரம் பேருந்து நிலையத்திலிருந்து வீடு திரும்பும் வழியில் பரீட்சை செய்ததுண்டு. ஜன்னலோர சீட்டில் கண்ணை மூடி எண்ணத் தொடங்கினேன். மெயின்கார்டு கேட் வருமுன்பே தூக்கம் வந்துவிட்டது. கண்டக்டர் கடைசி ஸ்டாப்பில் எழுப்பி, மிச்ச தூரத்துக்கு டிக்கெட் கேட்டார்.

அடுத்து வருவதுதான் படத்திலேயே பேர்பெற்ற காட்சி. அப்பா எங்கே அடைபட்டிருக்கிறார் என்று தெரிய வேண்டும். மகள் ஓட்டல் அறையில் இருக்கிறாள். அப்பாவின் பெட்டியில் கையெறி குண்டுகள் இருக்கின்றன. அவள் மொட்டை மாடிக்கு வந்து குண்டை வீச வேண்டும். வெடித்த நேரத்துக்கும் சத்தம் அப்பா காதில் விழுந்த நேரத்துக்கும் உள்ள இடைவெளியை வைத்துத் தூரம் கணக்குப் போட வேண்டும். ஊர் வரைபடத்தில் ஷூ கயிற்றை வைத்து வட்டம் போட வேண்டும். கணக்கில் தப்பில்லை. சத்தம் காற்றில் நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகும். மின்னலைப் பார்த்து ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணி இடி கேட்டால் ஒரு கிலோமீட்டர் தள்ளி விழுந்திருக்கிறது என்று என் அப்பா திண்ணையில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்ததும் இதே கணக்குதான். அவர் கையில் குண்டு இல்லை.

எனக்கு உறுத்தியது வேறு. நட்டநடுப் பகலில், கோடிக்கு மேல் ஜனம் வாழ்கிற ஊரில், ஒரு பெண் மாடி மாடியாகத் தாவிக் குண்டு வீசிக்கொண்டே போகிறாள், ஏன் என்று கேட்க ஒரு நாதி இல்லை. நம்மூரில் தீபாவளிக்கே காலை 6 முதல் 7, மாலை 7 முதல் 8 என்று மணி குறித்திருக்கிறது. போன தீபாவளிக்கு மிச்சமிருந்த ஒரே ஒரு லட்சுமி வெடியை நான் எட்டரை மணிக்குப் பற்றவைத்ததற்கு எதிர்வீட்டுக்காரர் என்னோடு கார்த்திகை வரை பேசவில்லை.

இஸ்தான்புல் கூரைகளுக்கு 2012 சோதனையான வருஷம் போலிருக்கிறது. அதே ஆண்டு வந்த 'ஸ்கைஃபால்' படத்தில் ஜேம்ஸ் பாண்டு கிராண்ட் பஜாரின் கூரைமேல் மோட்டார் சைக்கிளே ஓட்டினார். ஓடு மாற்றுகிற கொத்தனாருக்குக் கொண்டாட்டம். எங்கள் வீட்டு மாடியில் ஒரு விரிசலை அடைக்க வருகிறேன் என்று சொன்ன ஆள் இன்னும் வரவில்லை.

"அந்தப் பொண்ணு அப்பா சொன்னதெல்லாம் கேக்குது பாரு" என்றேன் மகளிடம், சந்தர்ப்பத்தை விடாமல்.

உண்மையில் அந்தப் படத்தில் நம்ப முடியாத விஷயம் அதுதான். குண்டைக்கூட நம்பிவிடலாம். அலமாரியைத் திற, பெட்டியை எடு, இதை எடு, அதை விடு, வலது பக்கம் பார், குதி என்று அப்பா போனில் அடுக்கிக்கொண்டே போகிறார். அந்தப் பெண் ஒரு தடவைகூட "தெரியும்ப்பா" என்று சொல்லவில்லை. "இதைத்தான் மூணு வாட்டி சொல்லிட்டீங்க" என்று சொல்லவில்லை. "அம்மாகிட்ட குடுங்க" என்றும் சொல்லவில்லை. சரி, அந்த நேரத்தில் அம்மாவையும் கட்டிப்போட்டிருக்கிறார்கள். இருந்தாலும்.

படம் சப்பென்று போனதற்குக் காரணமும் அங்கேதான் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. முதல் படத்தில் அந்த மனிதரை ஒருவரும் மதிக்கவில்லை. மதிக்கப்படாத அப்பா சொன்னது பலித்தது என்பதில்தான் ருசி. இரண்டாவதில் மகள் மதிக்கிறாள், பழைய மனைவி கண்ணில் காதல் மின்னப் பார்க்கிறார், வில்லன்கூட இவர் பேர் கேட்டால் எச்சரிக்கையாகிறான். எல்லோரும் கேட்டு நடக்கிற ஒரு தகப்பனை வைத்துக்கொண்டு என்ன கதை பண்ணுவது? அதனால் அவரையே கட்டிப்போட்டார்கள், ஊரை மாற்றினார்கள், போன் பேச்சைத் திருப்பிப் போட்டார்கள், வேனைத் துரத்தினார்கள். பாரிஸில் போட்ட கணக்கையே இஸ்தான்புல் தலைப்பில் எழுதிச் சமர்ப்பித்திருக்கிறார்கள். எங்கள் துறையில் இப்படிப் போன வருஷ வவுச்சரில் தேதியை மட்டும் திருத்தி வைக்கிற சங்கச் செயலாளர்கள் உண்டு. மையின் நிறத்திலேயே கண்டுபிடித்துவிடலாம்.

இந்தப் பாகத்தின் இயக்குநர் ஒலிவியே மெகாடன். தாமாக வைத்துக்கொண்ட பெயர். ஹிரோஷிமாவில் குண்டு விழுந்து சரியாக இருபது ஆண்டு கழித்து, 1965 ஆகஸ்ட் 6-இல் பிறந்தவர். பெயருக்கேற்றபடி ஒவ்வொரு சண்டையையும் துகள் துகளாகச் சிதறடித்துவிட்டார். யார் யாரை அடிக்கிறார்கள் என்று நிதானிப்பதற்குள் ஷாட் மாறிவிடுகிறது. நீசனுக்கு அப்போது அறுபது வயது. அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஐம்பத்தைந்தில் நான் பாயிலிருந்து எழுந்திருப்பதைப் படமெடுத்தாலும் அப்படித்தான் வெட்டி ஒட்ட வேண்டியிருக்கும். முதலில் ஒரு கை, அப்புறம் முட்டி, அப்புறம் சுவர், நடுவில் "முருகா".

மகள் கார் ஓட்டுகிற இடம் வந்தது. அமெரிக்காவில் ஓட்டுநர் தேர்வில் தேறாத பெண் இவள். அப்பாவே சொல்லிக்கொடுத்தும் வரவில்லை. இங்கே, சுடத் தெரியுமா என்று கேட்கிறார். தெரியாது என்கிறாள். அப்படியானால் ஓட்டு என்று சொல்லிவிட்டு இவர் பக்கத்தில் உட்கார்ந்து சுடுகிறார். சந்து பொந்தெல்லாம் டாக்ஸி பறக்கிறது. கடைசியில் அமெரிக்கத் தூதரக வாசலை இடித்துக்கொண்டு உள்ளே போகிறார்கள். துருக்கியில் அமெரிக்கத் தூதரகம் இருப்பது தலைநகர் அங்காராவில். இஸ்தான்புல்லில் இருப்பது துணைத் தூதரகம். இடித்தது எந்த வாசலாக இருந்தால் என்ன, செலவு யார் தலையில் எழுதப்பட்டது என்பதுதான் எனக்கு முக்கியம். அதைப் படத்தில் காட்டவில்லை.

"நம்மூர் பிரேக் இன்ஸ்பெக்டர் இதுக்கும் லைசென்ஸ் குடுக்க மாட்டார்ப்பா" என்றாள் மகள். அவளை ஸ்கூட்டரில் எட்டுப் போடப் பழக்கியது நான்தான். ஈ.பி. மைதானத்தில் பின்னாலேயே ஓடிக்கொண்டு "பிரேக், பிரேக்" என்று கத்தினேன். வண்டியைப் பார்த்து ஒதுங்காத மாடுகள் என் சத்தத்துக்கு ஒதுங்கின.

இதற்கிடையில் மனைவி முகத்தில் ஒரு மாற்றம். பிரையன் தப்பித்துவிட்டார், மகளையும் காப்பாற்றிவிட்டார், பழைய மனைவி லெனோர் மட்டும் மறுபடி கும்பல் கையில். அந்த அம்மாவைக் கழுத்தில் கீறித் தலைகீழாகத் தொங்கவிட்டது முதல், மயங்கிக் கிடப்பதைத் தவிர அவருக்குப் பெரிய வேலை ஒன்றும் கொடுக்கவில்லை.

"விட்டுட்டுப் போயிட்டாரா?" என்றாள் மனைவி.

"திரும்ப வருவார்டி. மகளைப் பத்திரமா விட்டுட்டு வருவார்."

"மாப்பிள்ளைகூட என்னைச் சமயபுரத்துல அப்படித்தான் விட்டுட்டு வந்தார்" என்றார் மாமியார் பக்கோடாவைக் கடித்தபடி. "அவர் திரும்பி வரலை. நானே பஸ் ஏறி வந்தேன்."

அந்த வழக்கில் என் தரப்பு வாதம் இன்னும் கேட்கப்படவில்லை. பூச்சொரிதல் கூட்டம் எப்படிப்பட்டது என்று தெரிந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

படத்தில் உருப்படியான ஒரே விஷயம் அந்த முராத்தான். அவரும் ஒரு அப்பா. இவர் தம் மகளுக்காகக் கொன்றார், அவர் தம் மகனுக்காகக் கொல்ல வருகிறார். அந்த மகன் யோக்கியன் இல்லைதான். ஆனாலும் முதல் படத்தில் பிரையன் அவன் உடம்பில் கரண்டைப் பாய்ச்சி, அணைக்காமலே அறையை விட்டுப் போனார். எந்த அப்பாவுக்குத்தான் பொறுக்கும்? இரண்டு கிழவர்கள், இரண்டு நியாயம். எழுத்தாளர்கள் அந்த நூலைப் பிடித்துக்கொண்டு போயிருந்தால் நான் வாயை மூடிக்கொண்டிருப்பேன். முராத்துக்கு நாலு வரி கொடுத்துவிட்டு மறுபடி துப்பாக்கியை எடுத்துக்கொண்டார்கள். கடைசியில் ஒரு துருக்கிக் குளியல் வீட்டில் இருவரும் நேருக்கு நேர் நிற்கிறார்கள். எனக்கு இன்னும் இரண்டு மகன்கள் இருக்கிறார்கள், என்னைக் கொன்றால் அவர்கள் வருவார்கள் என்கிறார் முராத். அவர்களையும் கொல்வேன் என்கிறார் பிரையன்.

என் தொழில்புத்தி இங்கே விழித்துக்கொண்டது. அந்த இரண்டு மகன்களும் மூன்றாம் பாகத்தில் வரவேயில்லை. அது லாஸ் ஏஞ்சல்ஸில் நடக்கிற வேறு கதை, மோதல் ரஷ்யக் கும்பலோடு. இரண்டு நபர் ஆரம்ப இருப்பில் காட்டப்பட்டு, அடுத்த ஆண்டுக் கணக்கில் எந்தப் பதிவும் இல்லாமல் மாயமாகியிருக்கிறார்கள். ஒரு சங்கத்தில் இப்படி நடந்திருந்தால் செயலாளரை விளக்கம் கேட்டு எழுதியிருப்பேன். சினிமாவில் யாரைக் கேட்பது? இந்த இரண்டாம் பாகத்துக்கு ஆன செலவு நாலரைக் கோடி டாலர், வரவு 37 கோடிக்கு மேல். நல்ல படத்தைவிட நகல் படம் கூடுதலாகச் சம்பாதித்திருக்கிறது. இதற்கு ஆட்சேபணைக் குறிப்பு எழுத நான் யார்?

படம் முடிந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு மணாலி விஷயத்துக்கு வந்தேன். "பாத்தியா? வெளியூர் போனா எவ்வளவு ஜாக்கிரதையா இருக்கணும்? அதனால நானும் அம்மாவும் ஐ.வி.க்குக் கூட வர்றதா..."

"அப்பா, முதல் படத்துல அந்தப் பொண்ணு ஃப்ரெண்டோட தனியாப் போச்சு. என்னாச்சு?"

"கடத்திட்டாங்க!"

"அப்பா நேராப் போய்க் கூட்டிட்டு வந்துட்டார். இந்தப் படத்துல அப்பாவும் கூடப் போனார். அப்பா, அம்மா ரெண்டு பேரையும் கடத்திட்டாங்க. அந்தப் பொண்ணு மாடி ஏறிக் குண்டு போட்டு, கார் ஓட்டி, அவளே எல்லாம் பண்ண வேண்டியதாப் போச்சு. நீங்க வீட்டுலயே இருந்தீங்கன்னா எனக்கு வேலை கம்மிப்பா."

மாமியார் கையைத் துடைத்துக்கொண்டு பேத்திக்கு ஒரு பக்கோடா எடுத்துக் கொடுத்தார். தீர்ப்பு வந்துவிட்டது என்று புரிந்துகொண்டேன்.

"என்னங்க, அடுத்த ஞாயித்துக்கிழமை மூணாவது பாகத்தையும் போடுங்க" என்றாள் மனைவி. "அந்தம்மா இவரோடயே சேர்ந்துட்டாங்களான்னு தெரியணும்."

எனக்கு மூன்றாம் பாகம் தெரியும். பெரும்பகுதியில் யாரையும் கடத்துவதில்லை. படம் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே அந்த அம்மாவைக் கொன்றுவிடுகிறார்கள், பழி வேறு பிரையன் மேல் விழுகிறது. இதை என் மனைவி பார்த்தால் அடுத்த ஆறு மாதத்துக்கு வீட்டில் எந்தக் குழம்பு ருசிக்கும் என்று என்னால் சொல்ல முடியாது.

"மூணாவது பாகம் அவ்வளவு நல்லா இருக்காதுடி."

"ரெண்டாவது மட்டும் நல்லாவா இருந்துச்சு?"

மகள் போனை எடுத்து எதையோ தட்டினாள். படித்தாள். புருவத்தைத் தூக்கினாள். அம்மாவைப் பார்த்தாள், அப்புறம் என்னைப் பார்த்தாள். "அப்பா" என்றாள் வெகு பாசமாக. "மணாலியில ரொம்பக் குளிருமாம். நல்ல ஸ்வெட்டரா ஒண்ணு வாங்கணும்ப்பா. ஷூவும்."

"வாங்கிக்கோ" என்றேன்.

"மார்கழி வருது மாப்பிள்ளை" என்றார் மாமியார். "எனக்கும் ஒண்ணு சேர்த்து எடுத்துருங்க."